புளி தட்டிக்கிட்டே சொல்லுங்க: தாலசீமியா இருக்கிற பிள்ளைகிட்ட அதைப் பத்தி எப்படி பேசுறது

என் பொண்ணுக்கு தாலசீமியா, பொறக்கும்போதே வர்ற ரத்த நோய், மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். அப்ப அவளுக்கு 6 வயசு. ரத்தம் ஏத்திட்டு தருமபுரில இருந்து அரூர் பஸ்ல வந்துட்டு இருக்கோம், கைல பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. பக்கத்து சீட்டு அம்மா "என்னா கண்ணு கைல"ன்னு கேட்டாங்க, அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு "காய்ச்சலுங்க, ஊசி போட்டாங்க"ன்னு சொல்லிட்டேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. ஒன்னும் பேசல. அன்னைக்கு ராத்திரி எங்க அத்தைகிட்ட, அதாவது அவ ஆயாகிட்ட, "ஆயா எனக்கு காய்ச்சலே இல்ல, என்னமோ பெருசா இருக்கு, அம்மா சொல்ல மாட்டேங்குது"ன்னு சொல்லியிருக்கா. ஆயா வந்து என்கிட்ட சொன்னப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு. 2 வயசுக்கு முன்னாடி இருந்தே மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுறேன், இவளுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நானா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால முதல்ல இதை மனசுல வாங்கிக்கங்க, பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். பேரு தெரியாம இருக்கலாம், விவரம் தெரியாம இருக்கலாம், ஆனா ஏதோ இருக்குன்னு தெரியும், நாம மறைக்கிறோம்னும் தெரியும். நாம சொல்லலைன்னா வார்டுல பக்கத்து பெட்டுக்காரங்க பேசுறதுல இருந்தும், துக்கம் விசாரிக்கற மாதிரி வர்ற சொந்தக்காரங்க வாயில இருந்தும் துண்டு துண்டா பொறுக்கி அதுவே ஒரு கதை கட்டிக்கும், அந்தக் கதை நெசத்தைவிட பயங்கரமா இருக்கும்.

எப்ப சொல்றதுன்னா, ஆஸ்பத்திரி போற அன்னைக்கு காலைல மட்டும் வேணாம். ஊசி குத்துற நேரத்துலயும் வேணாம். பிள்ளையை எதிர்ல உக்கார வச்சு கையைப் புடிச்சுக்கிட்டு "அம்மா உங்கிட்ட ஒன்னு சொல்லணும்"னு ஆரம்பிச்சீங்கன்னா அதுக்கு அப்பவே பாதி உசுரு போயிரும். கைல வேலை இருக்கணும், முகத்துக்கு முகம் பார்க்காம இருக்கணும். எங்க பக்கம் மாசி பங்குனில புளி தட்டுற வேலை வரும், ஓடு உடைச்சு நார் எடுத்து கொட்டையைப் பிரிச்சு போட்டுக்கிட்டே இருப்போம், அப்பதான் நான் அவகிட்ட பேசுனேன். கை ஓடிக்கிட்டே இருந்தா பேசுறதும் சுலபம், பேசாம இருக்கறதும் சுலபம். உங்க வீட்டுல கடலைக்காய் உரிக்கிற நேரமா இருக்கலாம், துணி மடிக்கிற நேரமா இருக்கலாம், வண்டில முன்னாடி உக்கார வச்சு போற நேரமா கூட இருக்கலாம்.

சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. "நாம ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு நீ நெனைக்கிற?" அவ்ளோதான். பதில் வர்ற வரைக்கும் சும்மா இருங்க. என் பொண்ணு என்ன சொன்னா தெரியுங்களா, "சின்ன புள்ளைல ஊசில என் ரத்தத்தை எடுத்தாங்கல்ல, திருப்பியே தரல, அதான் கம்மியா போச்சு"ன்னா. டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தைச் சொல்றா! அத்தனை வருசமா அந்த லேப்காரங்க மேல கோவமா இருந்திருக்கா, அதனாலதான் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும்போது மட்டும் அப்படி அலறுவா, ஏத்தும்போது அமைதியா இருப்பா, எனக்கு அன்னைக்குதான் புரிஞ்சது. நான் கேக்காம நேரா விளக்கம் குடுத்திருந்தா இது வெளியவே வந்திருக்காது. இன்னும் சில பிள்ளைங்க தம்பியை அடிச்சதுக்கு சாமி தண்டனை குடுத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும், மண்ணு தின்னதாலன்னு நெனைக்கும். சின்ன வயசுல பிள்ளைங்களுக்கு எல்லாமே தன்னாலதான் நடக்குதுன்னு தோணும். அதனால இதை வாய்விட்டு சொல்லணும், ஒரு தடவை இல்ல, பல தடவை: "நீ செஞ்ச எதனாலயும் இது வரல கண்ணு. நீ நெனச்சதாலயும் வரல. தண்டனையும் இல்ல." நம்ம வீட்டுப் பெரியவங்க "போன ஜென்மத்து பாவம்"னு பெருமூச்சு விடுவாங்க பாருங்க, அவங்களைத் தனியா கூப்பிட்டு பிள்ளை காதுல விழற மாதிரி அதைச் சொல்லாதீங்கன்னு கண்டிப்பா சொல்லிருங்க. எங்க அத்தைகிட்ட நானே சொன்னேன், கொஞ்சம் முகம் சுருங்குச்சு, ஆனா நிறுத்திட்டாங்க.

பேரைச் சொல்லுங்க. தாலசீமியா. "ரத்தம் கம்மி"ன்னு பொதுவா சொல்லி வைக்காதீங்க, அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ஊருக்குள்ள ரத்தம் கம்மின்னா என்ன செய்வாங்க, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல், சத்து டானிக்னு கொண்டு வந்து கொட்டுவாங்க, பாசத்துலதான். ஆனா ரத்தம் ஏத்திக்கிற பிள்ளை உடம்புல இரும்புச்சத்து ஏற்கனவே தேவைக்கு மேல சேர்ந்துக்கிட்டு இருக்கும், இரும்பு டானிக்கும் மாத்திரையும் அதுக்கு மேல போனா கெடுதல். ஸ்கூல்ல வாரா வாரம் பிள்ளைங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுக்குறாங்க, நல்ல திட்டம்தான், ஆனா நம்ம பிள்ளைக்கு அது ஆகாது. டீச்சர்கிட்ட டாக்டர் சீட்டோட சொல்லி வைக்கணும், அதைவிட முக்கியம் பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கணும், "எனக்கு தாலசீமியா, நான் இந்த மாத்திரை போடக் கூடாது மிஸ்"னு அதுவே சொல்லத் தெரியணும். பேரு தெரியாத பிள்ளை எப்படிங்க சொல்லும்.

பேருக்கு பின்னாடி ஒரு கதையும் இருக்கு, அது என் பொண்ணுக்கு ரொம்ப புடிச்சது. கிரேக்க மொழில தலசான்னா கடல். மத்தியதரைக் கடல் ஓரத்து ஊர் பிள்ளைங்ககிட்ட முதல்ல கவனிச்சதால அந்தப் பேரு வந்துச்சு. கடலையே பார்க்காத அரூர் புள்ளைக்கு கடல் பேருல ஒரு நோய், அவ அதையே ரெண்டு நாள் சொல்லிக்கிட்டு திரிஞ்சா. பயம் கொஞ்சம் எறங்குனது அங்கதான்னு நெனைக்கிறேன்.

அப்புறம் உடம்புக்குள்ள என்ன நடக்குதுங்கறது. நான் பானை கதை சொன்னேன், நீங்க உங்க பிள்ளைக்கு தெரிஞ்ச எதையாவது வச்சு சொல்லுங்க, ஆனா ஒன்னைப் புடிச்சா அதையே கடைசி வரைக்கும் வச்சுக்கங்க, இன்னைக்கு பானை நாளைக்கு பஸ்ஸுன்னு மாத்துனா குழம்பிரும். எலும்புக்குள்ள ஒரு சூளை இருக்கு. அங்க சின்னச் சின்ன செவப்பு பானை செய்றாங்க. அந்தப் பானை மூச்சுக்காத்தை எடுத்துக்கிட்டு உடம்பு பூரா போகும், கால் ஓடுறதுக்கு, மூளை படிக்கிறதுக்கு. மத்தவங்க சூளைல வேகுற பானை 120 நாள் வரைக்கும் தாங்கும். உன் சூளைல பானை சரியா வேக மாட்டேங்குது, சீக்கிரம் உடைஞ்சிருது, பாதி சூளைக்குள்ளயே உடைஞ்சிருது. அதனால நல்ல பானையா இன்னொருத்தர்கிட்ட வாங்கி உனக்குள்ள விடுறோம். அதுவும் நாளாக நாளாக உடையும், அதான் 3 வாரம் 4 வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி போறோம். இவ்ளோதான் நான் சொன்னது, 2 நிமிசம் இருக்கும். அவ "சரி"ன்னுட்டு விளையாடப் போயிட்டா. பிள்ளைங்க அப்படித்தான், கொஞ்சம் வாங்கிக்கும், ஓடிரும், 10 நாள் கழிச்சு சோறு தின்னும்போது திடீர்னு அடுத்த கேள்வி வரும். கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மொத்த மூட்டையையும் ஒரே நாள்ல அவுத்துக் கொட்டாதீங்க.

அவளோட அடுத்த கேள்வி "அது யாரோட ரத்தம்மா?" எனக்குத் தெரியாது, பையில பேரு இருக்காது. நான் அதியமான் கதையை எடுத்தேன். தருமபுரி பிள்ளைங்களுக்கு அது சொல்லிக் குடுக்காமலே தெரியும், தனக்கு கெடைச்ச நெல்லிக்கனியைத் தான் திங்காம ஔவைக்கு குடுத்தவரு நம்ம தகடூர்காரரு. அதே மாதிரி யாரோ ஒரு அண்ணனோ அக்காவோ உனக்குன்னு பேரு தெரியாமலே குடுத்துட்டுப் போயிருக்காங்கன்னேன். அன்னைல இருந்து ஒவ்வொரு தடவை பை தொங்க விடும்போதும் "இது யாரா இருக்கும், பஸ் ட்ரைவரா, போலீஸா"ன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருப்பா. அந்த 3 மணி 4 மணி நேரம் ஓடிரும்.

வலியைப் பத்தி பொய் சொல்லாதீங்க. இதுல நான் ரொம்ப பிடிவாதம். "எறும்பு கடிக்கிற மாதிரிதான்"னு சொல்லுவோம், குத்துன உடனே பிள்ளைக்கு தெரிஞ்சிரும் இது எறும்பு இல்லன்னு, அப்புறம் நாம சொல்ற நல்ல விசயத்தையும் அது நம்பாது. "வலிக்கும். நான் பக்கத்துல இருப்பேன். குத்துறப்ப வலிக்கும், பஞ்சு ஒட்டுனதும் கொறையும்." இப்படி சொல்லுங்க. அப்புறம் அது முடிவு பண்றதுக்கு ஏதாவது குடுங்க, எந்தக் கை, யாரு மடில, கண்ணை மூடிக்கணுமா பார்க்கணுமா. போகணுமா வேணாமாங்கறதை மட்டும் கேக்காதீங்க, அது கேள்வியே இல்ல, இல்லாத கேள்வியைக் கேட்டு ஏமாத்தக் கூடாது.

ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரில நரம்பு கெடைக்காம 4 தடவை குத்துனாங்க, புது சிஸ்டர், அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆனா மூனாவது தடவைக்கே நான் நிறுத்தச் சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டு சும்மா நின்னேன். வீட்டுக்கு வந்து அவகிட்ட அதையே சொன்னேன், "அம்மா நிறுத்தச் சொல்லியிருக்கணும் சாமி, சொல்லல, அடுத்த தடவை 2 தடவைக்கு மேல ஆச்சுன்னா வேற சிஸ்டரைக் கூப்பிடச் சொல்றேன்". சொன்னபடி செஞ்சேன். பிள்ளைகிட்ட மன்னிப்பு கேட்டா மரியாதை போயிரும்னு நெனைக்காதீங்க. இன்னொன்னு, "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்"னு எந்தக் காலத்துலயும் மிரட்டாதீங்க, வீட்டுக்கு வர்ற அத்தை மாமா யாரையும் அப்படி சொல்ல விடாதீங்க. மத்த பிள்ளைக்கு அது சும்மா மிரட்டல், நம்ம பிள்ளைக்கு அது மாசா மாசம் நடக்குற நெசம்.

உடம்புல சேர்ற இரும்பை வெளியேத்துறதுக்கு டாக்டர் குடுக்குற மாத்திரை விசயம் தனியா பேசணும், ஏன்னா ரத்தம் ஏத்துனா பிள்ளைக்கே தெம்பு தெரியும், இந்த மாத்திரையால என்ன ஆகுதுன்னு அதுக்கு ஒன்னும் தெரியாது. ஒரு பை ரத்தத்துல 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு இருக்கு, உடம்பு தானா வெளியேத்தறது ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவுதான், மிச்சமெல்லாம் கல்லீரல்லயும் இதயத்துலயும் போய் படியும். பிள்ளைக்கு நான் சொன்னது, "பானை உடைஞ்சா ஓடு சேருதுல்ல, அதை அள்ளி வெளிய போடற ஆள்தான் இந்த மாத்திரை". 9 வயசுல ஒரு 2 மாசம் அவ தண்ணில கரைச்சுக் குடுத்த மருந்தை துளசிச் செடில ஊத்தியிருக்கா. உடம்புல எவ்ளோ இரும்பு சேர்ந்திருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட்ல நம்பர் எகிறுனப்பதான் தெரிஞ்சது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, எங்க வீட்டுக்காரரு ஓசூர்ல வேலை, அவரு போன்ல "கத்தாத, ஏன்னு கேளு"ன்னாரு. கேட்டேன். "ஸ்கூல் போறப்ப வயிறு ஒரு மாதிரி இருக்கு, சொன்னா நீ அழுவ"ன்னா. டாக்டர்கிட்ட சொன்னோம், அவரு குடுக்குற நேரத்தை மாத்திக் குடுத்தாரு, சரியாச்சு. நீங்களா நேரமும் அளவும் மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க. நான் சொல்ல வர்றது என்னன்னா, மருந்தை ஊத்துன பிள்ளை திருட்டுத்தனம் பண்ணல, உங்ககிட்ட சொல்ல முடியாத ஒன்னை அப்படி சொல்லுது.

"நான் செத்துருவேனா"ன்னு கேக்கும். இன்னைக்கு இல்லன்னா ஒரு நாள் கேக்கும், பெரும்பாலும் வார்டுல தெரிஞ்ச ஒரு பிள்ளை வராம போனதுக்கு அப்புறம் கேக்கும். "ச்சீ, வாயைக் கழுவு, அப்படியெல்லாம் பேசாத"ன்னு சொல்லாதீங்க. அப்படி சொன்னா அது நெனைக்கிறதை நிறுத்தாது, உங்ககிட்ட கேக்குறதை மட்டும் நிறுத்திரும். முதல்ல "ஏன் சாமி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"ன்னு கேளுங்க, பயம் எங்க இருந்து வந்துச்சோ அங்க போகணும். அப்புறம் நெசத்தைச் சொல்லுங்க. நான் சொன்னது இது: "இது பெரிய நோய்தான் கண்ணு. ரத்தமும் ஏத்தாம மருந்தும் சாப்பிடாம விட்டா உசுருக்கு ஆபத்து. அதான் மழை பெஞ்சாலும் பஸ் இல்லன்னாலும் நாம விடாம போறோம். சரியா பார்த்துக்கிட்டு படிச்சு வேலைக்குப் போய் கல்யாணம் பண்ணி பிள்ளை பெத்தவங்க இருக்காங்க." சீக்கிரம் சரியா போயிரும்னு மட்டும் சொல்லாதீங்க. அழுகை வந்தா அழுங்க, "அம்மாவுக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு அழுங்க, கதவைச் சாத்திக்கிட்டு அழாதீங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

எலும்பு மஜ்ஜை மாத்துற சிகிச்சை, அதாவது இன்னொருத்தர் மஜ்ஜையை வச்சு அந்தச் சூளையையே மாத்துறது, அது பத்தி பேச்சு வந்தா கூடப் பொறந்த பிள்ளையையும் கூட உக்கார வைங்க. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஒருத்தருக்கு முழுசா பொருந்துற வாய்ப்பு நாலுல ஒன்னுதான். எங்க பையனுக்குப் பொருந்தல. அவன் 7 வயசு, ரெண்டு நாளு சரியா சாப்பிடல, பெயிலாயிட்டேன்னு நெனச்சிருக்கான். டெஸ்டுக்கு முன்னாடியே "பொருந்துனாலும் பொருந்தலைன்னாலும் நீ நல்ல தம்பிதான்"னு சொல்லியிருக்கணும், நாங்க சொல்லல, நீங்க சொல்லிருங்க.

ஸ்கூல்ல கேக்குறதுக்கு ஒரு வரி பதில் வீட்டுலயே பேசிப் பழக்கி விடுங்க. "ஒட்டுமா?" "ஒட்டாது, பொறக்கும்போதே வந்தது." அது போதும். யார்கிட்ட சொல்லணும், யார்கிட்ட சொல்ல வேணாம்ங்கறதை பிள்ளையே முடிவு பண்ணட்டும். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல தாலசீமியாவும் சேர்த்திருக்காங்க, சர்டிபிகேட் வாங்கறப்ப அந்த வார்த்தையைப் பார்த்துட்டு பிள்ளை கேக்கும், வாங்கறதுக்கு முன்னாடியே அது எதுக்குன்னு சொல்லிருங்க.

12, 13 வயசு ஆச்சுன்னா டாக்டர் ரூம்ல நாம வாயை மூடணும். கேள்வியை அதுவே கேக்கட்டும், தனியா பேசணும்னா நாம வெளிய நிக்கணும். கூட்டாளிங்க வயசுக்கு வந்துட்டாங்க தனக்கு இன்னும் இல்லங்கறது, உயரம் கம்மியா இருக்கறது, இதெல்லாம் அம்மாகிட்ட கேக்க கூச்சப்படும்.

கடைசியா, நான் ரொம்ப வருசம் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த கேள்வி. "யாரால எனக்கு வந்துச்சு?" நானும் எங்க வீட்டுக்காரரும் சொந்தம், அவரு எங்க அத்தை பையன். எங்க பக்கம் இது சாதாரணம், ஆனா சொந்தத்துல கட்டுனா ரெண்டு பேருகிட்டயும் ஒரே குறை மறைஞ்சு இருக்க வாய்ப்பு கூடும். சொந்தமே இல்லாதவங்களுக்கும் வரும், ரெண்டு பேருமே கேரியரா, அதாவது அந்தக் குறையை மறைவா சுமக்கறவங்களா இருந்தா போதும். கேரியருக்கு உடம்புல ஒன்னும் தெரியாது, எங்களுக்கும் தெரியல, ஹெச்பிஏ2ங்கற ஒரு வகை ஹீமோகுளோபின் அளவு பார்க்கிற ரத்த டெஸ்ட் எடுத்தாதான் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகம் பார்த்தோம், அதைப் பார்க்கல. இதை எப்படி ஒரு புள்ளைகிட்ட சொல்றது? போன பங்குனில அவளுக்கு 11 வயசு, புளி தட்டிக்கிட்டு இருந்தோம், அவளே கேட்டுட்டா.

நான் 2 புளியங்கொட்டை எடுத்தேன். தாயம் ஆடறதுக்கு தேய்ப்போம்ல, அது மாதிரி ரெண்டையும் ஒரு பக்கம் மட்டும் தரைல தேய்ச்சேன், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. "இது அப்பாவோடது, இது என்னோடது. எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு பக்கம் வெள்ளை இருக்கு, எங்களுக்கே தெரியாது. பாப்பா உருவாகும்போது ரெண்டும் குலுங்கி விழும். ரெண்டும் கருப்பா விழுந்தா ஒன்னுமில்ல. ஒன்னு வெள்ளை ஒன்னு கருப்பா விழுந்தா எங்களை மாதிரி. ரெண்டும் வெள்ளையா விழுந்தா தாலசீமியா." அவ குலுக்கிப் போட்டா. திரும்பத் திரும்பப் போட்டா, ஒரு இருபது தடவை போட்டிருப்பா, நாலு தடவைக்கு ஒரு தடவை கணக்குல ரெண்டும் வெள்ளையா விழுந்துச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசாதான் குலுங்குது, முன்னாடி என்ன விழுந்துச்சுங்கறது கணக்கில்லன்னும் சொன்னேன். "எப்படி விழணும்னு நான் சொன்னா கேக்குமா?"ன்னு கேட்டேன். "கேக்காது"ன்னா. "அப்ப யாரு மேலயும் தப்பில்லையா"ன்னா. "இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும், அந்த வருத்தம் எனக்கு இருக்கு"ன்னேன். எங்க அத்தை பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, கொட்டையை மட்டும் பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளா இன்னொரு கொட்டை எடுத்து ரெண்டு பக்கமும் தேய்ச்சா. "இது நான்"னா. அப்புறம் தேய்க்காத கொட்டை ஒன்னு எடுத்து, "இது எனக்கு வரப்போறவரு"ன்னு ரெண்டையும் சேர்த்துக் குலுக்கிப் போட்டா. ஒரு வெள்ளை, ஒரு கருப்பு. மறுபடி போட்டா, ஒரு வெள்ளை, ஒரு கருப்பு. எத்தனை தடவை போட்டாலும் அதேதான். "என் பாப்பாவுக்கு ரெண்டும் வெள்ளையா விழவே விழாதும்மா, இவரு கொட்டை தேயாம இருந்தா போதும்"னு சொல்லிட்டு ஆயா பக்கம் திரும்பி, "ஆயா, எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதல்ல ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னா.